கால்வேஸ் லேண்டில் எங்களையும் இறக்கிவிடுங்கள்

நுவரெலியாப் பக்கம் பஸ் ஓடுவதற்குப் பொறுப்பானவர்களுக்கும், கால்வேஸ் லேண்ட் தேசிய பூங்காவைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் வணக்கம்.

கந்தப்பளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துகிறேன். சுற்றாடல் பாடத்தில் தேசிய பூங்கா என்று வந்ததும் யால, வில்பத்து என்று அடுக்கினார்கள். நாம் பஸ் ஏறிப் போகும் டவுனிலேயே ஒன்று இருப்பது ஒருவருக்கும் தெரியவில்லை. டவுன்காரர்களே அதை விக்டோரியா பூங்காவோடு போட்டுக் குழப்பும்போது பிள்ளைகளை என்ன சொல்வது!

டவுனிலிருந்து இரண்டு கிலோமீற்றர்தான். 1938-இல் சரணாலயமாக்கி, 2006-இல் தேசிய பூங்காவாக உயர்த்தினார்கள். மொத்தமே 29 ஹெக்டேயர் சொச்சம். ஜீப் தேவையில்லை, காலாற நடந்தே பார்த்துவிடலாம். ஹோட்டன் சமவெளித் தேசிய பூங்கா அப்படியா? ஒஹியாவில் ரயிலை விட்டு இறங்கினாலும் உள்ளே போய்ச் சேரப் பத்துக் கிலோமீற்றருக்குமேல் ஏற்றம். வேன் பிடிக்க எங்கள் லயத்தில் யாரிடம் காசு இருக்கிறது? நாட்சம்பளக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கென்றே அமைந்த பூங்கா கால்வேஸ் லேண்ட் என்று நினைத்துத்தான் போன மாசியில் ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

“கால்வேஸ் லேண்டுக்கு ஆறு டிக்கட்” என்றேன். கொண்டக்டர் தம்பி முழித்தார். “வாவிக்கா, டீச்சர்?” என்றார். டவுனுக்கு முன்னாலேயே, பூங்காவுக்குத் திரும்பும் ஹாவா எலியவில் இறங்கியிருக்க வேண்டும் என்பது எனக்கும் அப்போது தெரியாது. டவுன் பஸ் நிலையம்வரை போய், கிரகரி வாவிக் கரையோடு திரும்பி நடந்து, மூன்று பேரிடம் வழி கேட்டு, வாசலுக்குப் போகும்போது மணி பத்தரை. குருவி பார்க்கிற நேரமா அது? ஆறுமணிக் குருவிக்கு அந்தப் பெயர் வந்ததே விடியலிலும் அந்தியிலும் கத்துவதால்தான். காஷ்மீர்ப் பக்கத்திலிருந்து குளிர்காலத்துக்கு நம் மலைக்கு வரும் சிறிய ஈப்பிடிப்பானைக் காட்டுவதாகச் சொல்லியிருந்தேன். அதுவும் கண்ணில் படவில்லை. மஞ்சள் காதுச் சின்னான் ஒன்று மட்டும் கிளையில் உட்கார்ந்து எங்களை நன்றாகப் பார்த்துக்கொண்டது.

திரும்பும்போதுதான் பெரிய பாடு. கைகாட்டிய இடத்தில் பஸ் நிறுத்தும் ஹோல்ட் இல்லையென்று இரண்டு பஸ் நிற்காமல் போயின. தூறல் வேறு. ஆட்டோவில் ஆறு பேரை ஏற்ற மாட்டார்கள், இரண்டு ஆட்டோ என்றால் அந்தக் காசில் எல்லோருக்கும் பகல் சாப்பாடே முடிந்துவிடும். கடைசியில் டவுனுக்கே நடந்துபோய் ஏறினோம். சின்னவளைக் கொஞ்ச தூரம் தூக்கிக்கொண்டுதான் நடந்தேன்.

புது பஸ் ஒன்றும் கேட்கவில்லை. கந்தப்பளை, இராகலை பஸ்கள் ஹாவா எலிய வழியாகத்தானே போகின்றன. பூங்காவுக்குத் திரும்பும் இடத்தில் ஒரு ஹோல்ட் போட்டு, பூங்காவின் பெயரை மூன்று மொழியிலும் எழுதி வையுங்கள். தமிழ் எழுத்தை மட்டும் எழுத்துப் பிழை பார்த்து எழுதுங்கள், சரியா? கொண்டக்டர்மாருக்கும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். பூங்காக்காரர்களிடம் கேட்பது இன்னும் சின்னது. டிக்கட் கவுண்டரில் பஸ் நேரங்களை ஒட்டி வையுங்கள். காலை முதல் பஸ்ஸில் வருகிறவர்கள் வாசலில் காத்து நிற்காதபடி கதவைத் திறவுங்கள்.

வலசைக் குருவிகள் ஐப்பசி வாக்கில் வரத் தொடங்கிவிடும். கார்த்திகையில் மறுபடி கூட்டிப்போவதாகப் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். இந்தமுறை எட்டுப் பேர். “கால்வேஸ் லேண்டுக்கு ஒன்பது டிக்கட்” என்றுதான் கேட்கப்போகிறேன்.

இப்படிக்கு,
கந்தப்பளைத் தோட்டத்து டீச்சர் ஒருவர்