வெளியேறும் படிவத்தில் எழுதாதவை

திருகோணமலை,
செவ்வாய்க்கிழமை மாலை

அன்பின் மச்சானுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முதல் பந்தியில் உன் முழங்கால், இரண்டாவதில் வவுனியாவில் நெல் விலை, மூன்றாவதில் அதிபரோடு நடந்த சண்டை. இவ்வளவும் கடந்து நான்காவது பந்தியில்தான் மகளுக்குக் கொழும்பில் மென்பொருள் நிறுவனமொன்றில் வேலை கிடைத்த செய்தி வருகிறது. பள்ளிக்கூடத்தில் உன் கட்டுரைக் கொப்பியில் வாத்தியார் போட்ட சிவப்புக் கோடுகளால் ஒரு பயனும் இல்லை. பிள்ளைக்கு என் வாழ்த்தைச் சொல். அவள் பிறந்த வருடம் நானும் நீயும் ஒரே சைக்கிளில் ஆஸ்பத்திரிக்குப் போனது நேற்றுப் போல இருக்கிறது.

"அங்கே வேலை செய்கிறவர்கள் எதை விரும்புகிறார்கள், எதை வெறுக்கிறார்கள், 20 வருடம் அதற்குள் கிடந்தவன் நீ, ஒளிக்காமல் எழுது" என்று கேட்டிருக்கிறாய். ஒளிக்காமல் எழுதுவதென்றால் முதலில் ஒரு படிவத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கொழும்பில் இருந்த கடைசி மூன்று வருடங்கள், யாராவது வேலையை விட்டுப் போனால் அவர்களோடு அரைமணி நேரம் உட்கார்ந்து பேசும் பொறுப்பை மனிதவளப் பிரிவு எனக்கும் தந்திருந்தது. ஏன் போகிறீர்கள், எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று கேட்டு ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும். அதில் "விலகுவதற்கான காரணம்" என்று ஒரு கோடு உண்டு. பெரும்பாலானவர்கள் அதில் "தனிப்பட்ட காரணம்" என்று எழுதச் சொல்வார்கள். கொஞ்சம் துணிந்தவர்கள் "மேற்படிப்பு" என்பார்கள். சேவைச் சான்றிதழ் வாங்க வேண்டும், ஊழியர் சேமலாப நிதிக் (EPF) கடதாசிகளில் கையெழுத்து வாங்க வேண்டும், நாளைக்கு அதே முகாமையாளரை வேறொரு நிறுவனத்தில் சந்திக்கவும் நேரலாம். யார் வாயைத் திறப்பார்கள்? படிவத்தை மூடிய பிறகு கீழே இருந்த சைவக் கடையில் வடையும் பிளேன் தேநீரும் வாங்கிக் கொடுத்தால்தான் பேச்சு வரும். நான் எழுதப்போவது அந்தக் கடையில் கேட்டதும் நான் பட்டதும்தான்.

பிடித்ததை முதலில் சொல்கிறேன். என் வேலை பிழை தேடுவது. மற்றவன் எழுதிய மென்பொருளை எப்படி விழுத்தலாம் என்று நாள் முழுக்க யோசிப்பதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்றால் உனக்குச் சிரிப்பு வரும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வெளிநாட்டுக் காப்புறுதி நிறுவனம் ஒன்றுக்கான விண்ணப்பப் படிவத்தைச் சோதிக்கத் தந்தார்கள். குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் என்ன போடுவது? நமக்கு ஏது குடும்பப் பெயர், அப்பாவின் பெயரைப் போட்டேன். ஆங்கிலத்தில் 21 எழுத்து. கட்டம் 20 எழுத்தோடு நின்றுவிட்டது. கடைசி எழுத்தை விழுங்கிக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போல விண்ணப்பத்தையும் ஏற்றுக்கொண்டது. அதை எழுதிய சிங்கள நண்பனைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்தான், தலையில் அடித்துக்கொண்டான், "உன் அப்பாவுக்காக 60 எழுத்து வைக்கிறேன்" என்று அந்த இடத்திலேயே திருத்தினான். அப்பா தன் வாழ்நாளில் வாங்கிய ஒரே காப்புறுதி சைக்கிளுக்குப் பூட்டு. அவருடைய பெயரை வைத்து உலகத்தின் மறுபக்கத்தில் ஒரு கட்டம் அகலமானது.

வடைக் கடையில் வேலையைப் பற்றி யார் நல்லதாகப் பேசினாலும் ஏறக்குறைய இதே போன்ற ஒரு கதைதான் வரும். தான் செய்தது ஓடுவதைத் தன் கண்ணால் பார்த்தது. பக்கத்தில் இருந்தவன் கெட்டிக்காரன், கேட்டால் சொல்லித்தந்தான் என்பது. 22 வயதுப் பிள்ளை மூத்தவர் எழுதியதில் பிழை இருக்கிறது என்று முகத்துக்கு நேரே சொல்லலாம், அவரும் நன்றி சொல்வார். உன் பாடசாலையில் அதிபரிடம் இதை முயன்று பார், நான்காவது பந்தியை இன்னும் தள்ளிப்போட வேண்டி வரும். இன்னொன்று, பெயரை வைத்தும் ஊரை வைத்தும் மனிதரை அளந்த காலத்தில் நான் கொழும்புக்குப் போனவன். சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையை நீட்டிவிட்டு அலுவலகத்துக்குள் நுழைந்தால், அங்கே பிழை பிழையாக இருந்தது, சரி சரியாக இருந்தது. அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று உனக்கு விளக்கத் தேவையில்லை.

இலவச மதியச் சாப்பாடு, பந்து போன்ற மெத்தைக் கதிரை, மேசைப் பந்தாட்டம் இவற்றை ஒருவரும் வடைக் கடையில் பேசி நான் கேட்கவில்லை. வருடாந்தச் சுற்றுலா மட்டும் எனக்கு மறக்காது. ஒருமுறை எல்லோரையும் பஸ்களில் ஏற்றி நிலாவெளிக்குக் கொண்டுவந்தார்கள். அம்மாவின் வீட்டிலிருந்து பதினைந்து கிலோமீற்றர் தூரத்தில், ஹோட்டல் அறையில் படுத்திருந்து, "உன் ஊர் நல்ல அழகு" என்று எல்லோரும் சொல்லக் கேட்டேன். நிகழ்ச்சி நிரலில் இடைவெளி இல்லாததால் அம்மாவைப் பார்க்காமலே திரும்பிவிட்டேன். அந்தக் கோபம் அம்மாவுக்கு இன்னும் இருக்கிறது.

இனி மற்றப் பக்கம். முதலாவது, நேரம். 1996 இல் அரசாங்கம் கடிகாரத்தை முன்னுக்குத் தள்ளியபோது "புது நேரமா, பழைய நேரமா" என்று கேட்டுக் கேட்டு நாம் டியூசனுக்குப் போனது நினைவிருக்கிறதா? 2006 இல் பழைய நேரத்துக்கே திரும்பினார்கள். நான் மட்டும் இன்னும் அந்தக் கேள்வியோடுதான் வாழ்கிறேன். நியூயோர்க்கில் காலை ஒன்பது மணிக் கூட்டம் என்றால் கோடையில் எனக்கு மாலை ஆறரை. நவம்பர் முதல் ஞாயிறு அவர்கள் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ள, அது ஏழரை ஆகிவிடும். இந்த மாதமும் ஆனது. ஏதோ ஒரு நாட்டுச் சட்டம் என் இரவுச் சாப்பாட்டை ஒரு மணித்தியாலம் தள்ளிவைக்கிறது.

போன வருடக் கார்த்திகை விளக்கீட்டன்று நடந்ததைக் கேள். அம்மா வாசலில் வாழைக்குற்றி நட்டு, தேங்காய் மூடியில் எண்ணெய் விட்டு விளக்கேற்றியிருந்தார். வீட்டைச் சுற்றிச் சிட்டி விளக்குகள். நான் முன் அறையில் மடிக்கணினிக்கு முன்னால். எட்டு மணியிருக்கும், விளக்குகள் அணைந்துகொண்டிருந்தன. நம் ஊர் மான்கள்தான் தெரியுமே, கோட்டைக்குள் மேய்வது போதாமல் இரவில் வீதி வீதியாகத் திரிகின்றன. ஒன்று வந்து வாழைக்குற்றியைக் கடித்து இழுக்கத் தொடங்கிவிட்டது. அம்மா விளக்குமாற்றோடு போட்ட சத்தம் என் ஒலிவாங்கி வழியாக நியூயோர்க் வரைக்கும் போனது. "என்ன நடக்கிறது?" என்று கேட்டார்கள். கெமராவைத் திருப்பிக் காட்டினேன். பத்துப் பேரும் வேலையை மறந்து ஐந்து நிமிடம் மானைப் பார்த்தார்கள். இன்று என்ன விசேடம், விளக்கு எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. பிறகு, "சரி, வெள்ளிக்கிழமை வெளியிடும் பதிப்புக்கு வருவோம்." அவர்கள் கெட்டவர்கள் இல்லை, மச்சான். நல்லவர்கள்தான். அவர்களுக்கு அது காலை ஒன்பதரை, அவ்வளவுதான்.

"எந்த நேரமும் வரலாம், யாரும் கேட்கமாட்டார்கள்" என்று பிள்ளைக்குச் சொல்லியிருப்பார்கள். உண்மைதான். எந்த நேரம் போகலாம் என்பதையும் யாரும் சொல்லமாட்டார்கள். சேரும் முன் அவள் கேட்க வேண்டிய முதற்கேள்வி, வாடிக்கையாளர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பது. அவுஸ்திரேலியா என்றால் விடியற்காலை எழும்ப வேண்டும், அமெரிக்கா என்றால் இரவு போய்விடும், ஐரோப்பா என்றால் அவள் முற்பிறப்பில் புண்ணியம் செய்தவள்.

எனக்கு மிகவும் கசப்பான விடயத்தை இனித்தான் எழுத வேண்டும். வருட முடிவில் ஒவ்வொருவருக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை புள்ளி போடுவார்கள். புள்ளியை வேலையைப் பார்த்துப் போடுவதில்லை, பங்கீட்டைப் பார்த்துப் போடுவார்கள். எட்டுப் பேர் இருந்தால் ஒருவராவது கீழே விழ வேண்டும், எட்டுப் பேரும் நன்றாகச் செய்திருந்தாலும். மைக்ரோசொப்ட் இந்த முறையை 2013 இல் கைவிட்டது. எங்கள் பக்கம் அந்தச் செய்தி மெதுவாகத்தான் நடந்து வந்தது. எங்கள் குழுவில் ஒரு பெண், சோதனை வேலையில் என்னைவிடக் கெட்டிக்காரி. பிள்ளை பிறந்து 84 வேலை நாள் விடுமுறை எடுத்துத் திரும்பி வந்தாள். அந்த வருடக் கணக்கில் அவளுடைய நான்கு மாதம் வெறுமையாக இருந்தது. கீழே விழ ஒருவர் வேண்டியிருந்தது. அவள் விழுந்தாள். முகாமையாளர் அவளிடம், "உன்னில் எனக்கு ஒரு குறையுமில்லை" என்று சொன்னாராம். குறையில்லாமல் விழுத்தப்பட்டவளுக்கு அதைவிட எரிச்சலூட்டும் வார்த்தை இருக்க முடியாது. இரண்டு மாதத்தில் விலகல் கடிதம் கொடுத்தாள். படிவத்தோடு எதிரில் உட்கார்ந்தவன் நான். அவள் ஒன்றும் சொல்லவில்லை, "உங்களுக்குத் தெரியும்தானே, நீங்களே எழுதுங்கள்" என்றாள். நான் "தனிப்பட்ட காரணம்" என்று எழுதினேன். அன்று வடைக் கடைக்கும் போகவில்லை. என்னால் அவளைக் கூப்பிட முடியவில்லை.

பணத்தைப் பற்றி நீ மூன்று தடவை கேட்டிருக்கிறாய், ஆகவே சுருக்கமாக. சம்பளம் நல்லது, உன்னுடையதைப் போல ஆரம்பத்திலேயே வாங்குவாள், கோபிக்காதே. ஆனால் 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து சில வாரங்களில் 360 வரை ஏறியபோது, ஒரே குழுவில் டொலரோடு கட்டிய சம்பளக்காரரும் வெறும் ரூபாக்காரரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்கள். 13 மணித்தியால மின்வெட்டில் இருவரும் ஒரே மின்கலத்தைப் பகிர்ந்துகொண்டார்கள், சம்பள நாளில் மட்டும் முகம் பார்க்கவில்லை. அடுத்த ஜனவரியில் வருமான வரி 36 வீதம் வரை ஏறியது. அதன் பின் படிவத்தில் "மேற்படிப்பு" என்று எழுதிவிட்டுப் போனவர்களில் பாதிப்பேர் இப்போது மெல்பேர்னிலும் ரொறொன்ரோவிலும் வேலை செய்கிறார்கள். பெரிய இடமென்றால் நிலையான வேலை என்றும் நினைக்காதே, கூகுள் 2023 ஜனவரியில் 12,000 பேரை ஒரேயடியாக அனுப்புவதாக அறிவித்தது.

நியமனக் கடிதத்தில் அவள் பார்க்க வேண்டியது மொத்தத் தொகையை அல்ல, அடிப்படைச் சம்பளத்தை. சில இடங்களில் அடிப்படையைச் சிறிதாக வைத்துவிட்டு மிச்சத்தைப் படி, கொடுப்பனவு என்று பிரித்துவிடுவார்கள். சேமலாப நிதிக்கு அவள் 8 வீதம், நிறுவனம் 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு (ETF) நிறுவனம் 3 வீதம். இவற்றை அந்தச் சின்ன அடிப்படையில் கணக்குப் பார்த்தால் இழப்பு வருடக்கணக்காகச் சேரும். பயிற்சிக்காலத்துக்கு இரண்டு வருட ஒப்பந்தம் ஏதாவது கட்டுகிறார்களா என்பதையும் வாசிக்கச் சொல். முடிந்தால் அந்தக் குழுவிலேயே இருக்கும் ஒருவரோடு பத்து நிமிடம் பேசச் சொல். கேட்க வேண்டிய கேள்வி, போன வருடம் உங்கள் குழுவிலிருந்து எத்தனை பேர் போனார்கள் என்பது. ஏன் போனார்கள் என்று கேட்டால் படிவத்தில் உள்ளதைத்தான் சொல்வார்கள்.

என் நிலையையும் கேட்டிருந்தாய். 2020 இல் ஊரடங்கோடு இங்கே வந்தவன், அம்மாவைக் காரணம் காட்டித் தங்கிவிட்டேன். காலையில் உட்துறைமுகப் பக்கம் நடக்கிறேன், மதியம் அம்மாவின் கையால் கீரி மீன் குழம்பு. இப்போது வாரத்தில் இரண்டு நாள் கொழும்புக்கு வரச் சொல்கிறார்கள். 260 கிலோமீற்றர், இரவு ரயில், அடுத்த நாள் இரவு திரும்பவும் ரயில், அம்மாவுக்கு 76 வயது. மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும். நான் விலகினால் எதிரில் படிவத்தோடு உட்காரப் போகிறவன் நான் பயிற்சி கொடுத்த பெடியன். காரணம் என்ன என்று கேட்பான்.

மகள் வெள்ளவத்தையில் தங்க நல்ல வீடு ஒன்று எனக்குத் தெரியும், நான் இருந்த வீடுதான். அந்த வீட்டுக்கார அம்மாவுக்கு இன்றைக்கே சொல்லிவைக்கிறேன். குக்கர் கொண்டுபோகத் தேவையில்லை, அங்கே இருக்கிறது. இந்த வருடம் வாழைக்குற்றியைக் கேற்றுக்கு உள்ளே நடப்போவதாக அம்மா முடிவெடுத்திருக்கிறார். விளக்கீட்டுக்கு வந்தால் நீயே மானைக் கலைக்கலாம், நான் கூட்டத்தில் இருப்பேன்.

ஏழு இருபத்தெட்டு. கூப்பிடுகிறார்கள்.

உன் அன்பின்,
பழைய சைக்கிள்காரன்