நூறு சதவீதம் சரி, யாரைக் கணக்கெடுத்து?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் எந்த மாவட்டம் முதலிடம், நம்ம திருநெல்வேலி எத்தனாவது, போன வருஷத்தைவிட ஏறியதா இறங்கியதா என்று பட்டியல் போடுகிறீர்கள். டீக்கடையில் நாங்களும் அதைத்தான் முதலில் தேடுகிறோம். ஆனால் அந்தச் சதவீதம் பரீட்சை எழுதியவர்களை மட்டும் வைத்துப் போடுவது, வராதவன் கணக்கிலேயே கிடையாது. 2023 மார்ச்சில் பிளஸ் டூ மொழிப்பாடத் தேர்வுக்கு 50 ஆயிரம் பேருக்கு மேல் வரவில்லை என்று பத்திரிகைகளில்தான் படித்தோம். அந்த வருஷத் தேர்ச்சி 94.03 சதவீதம்!

அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் தெருவில் பீடி சுற்றும் ஓர் அம்மாவின் மகன் ஒன்பதாவது படித்தான், கணக்கு வராது. பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டு, "டிசி வாங்கிக்கோங்கம்மா, டுடோரியல்ல சேத்து தனியா எழுத வைங்க, இங்க இருந்தா எங்க ரிசல்ட் போயிரும்" என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த அம்மாவும் அவர்கள் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, மடியில் சுளவை வைத்து இலை நறுக்க உட்கார்ந்துவிட்டார், சாயங்காலத்துக்குள் பீடிக்கட்டைக் கடையில் கொடுத்தாக வேண்டுமே. பையன் இப்போது சென்ட்ரிங் வேலைக்குப் போகிறான். அடுத்த வருஷம் அதே பள்ளி வாசலில் நூறு சதவீதத் தேர்ச்சி என்று ஃபிளெக்ஸ் தொங்கியது.

தலைமையாசிரியரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. சதவீதம் குறைந்தால் மீட்டிங்கில் எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்கிறார்கள், அப்புறம் அவர் என்ன செய்வார்? கணக்கு வாத்தியார் பணியிடம் எத்தனை மாதம் காலியாகக் கிடந்தது என்று அங்கே யாராவது கேட்கிறார்களா? மாணவர்களுக்கு ரேங்க் போடுவதை அரசு 2017-லேயே நிறுத்திவிட்டது, பள்ளிகளுக்கு மட்டும் போட்டி தொடர்கிறது. பாளையங்கோட்டையில் மார்க் பார்த்து பிளஸ் ஒன் சேர்க்கும் பள்ளியும், மலையடிவாரத்தில் வந்த பிள்ளையையெல்லாம் சேர்த்துக்கொள்ளும் பள்ளியும் ஒரே தராசில் என்றால் அது நியாயமே இல்லை.

பள்ளிகளைக் கேள்வி கேட்கவே கூடாது என்று சொல்லவில்லை, கட்டாயம் கேட்க வேண்டும். ஒன்பதாவதில் இருந்தவர்களில் எத்தனை பேர் பத்தாவது தேறினார்கள் என்று கேளுங்கள். இடையில் டிசி வாங்கியவன் வேறு பள்ளியில் சேர்ந்திருந்தால் கழித்துக்கொள்ளட்டும், எங்கேயும் சேரவில்லை என்றால் அனுப்பிய பள்ளியின் கணக்கில்தான் அவன் இருக்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் கல்வித்துறை கம்ப்யூட்டரில் எமிஸ் என்று ஓர் அடையாள நம்பர் இருக்கிறதே, கண்டுபிடிப்பது பெரிய வேலையா? அந்தக் கணக்கைக் காலிப் பணியிட விவரத்தோடு பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் முன்னால் வாசிக்கட்டும்.

நீங்களும் வரும் மே மாதப் பட்டியலில் ஒன்பதாவதில் இருந்தவர்கள், பத்தாவது எழுதியவர்கள் என்று இரண்டு எண்களையும் சேர்த்துப் போடுங்கள். அதிகாரிகள் தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப்தான். வேண்டுமானால் அதை நானே வாங்கி ஒட்டித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அம்பாசமுத்திரம்.