பெங்களூரு கல்யாணப் போட்டோகிராபர்களுக்கு: எங்கம்மாவுக்கு மூட்டுவலியே கிடையாது

கல்யாணம், சீமந்தம், அறுபதாம் கல்யாணம் என்று பெங்களூரில் படம் எடுத்துக் கொடுக்கும் ஸ்டுடியோக்காரர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

எங்களுக்குப் படம் எடுத்த ஸ்டுடியோவின் பெயரை இதில் சொல்லப் போவதில்லை. அவர் படித்தால் அவருக்கே தெரியும். அந்த ரசீதும் அந்தப் பழக்கமும் உங்களில் பலரிடமும் இருப்பதால்தான் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

போன தை மாதம் அல்சூரில் அப்பா அம்மாவுக்கு அறுபதாம் கல்யாணம். ஹோமம் முடிந்து, தலைக்கு மேல் சல்லடையைப் பிடித்துக் கலசத் தண்ணீரை ஊற்றினார்கள். காலை நேரத்துக் குளிர் வேறு. முதல் சொம்பு விழுந்ததுமே அம்மா கண்ணை இறுக்க மூடிக்கொண்டு குழந்தை மாதிரி வாய்விட்டுச் சிரிக்க, அப்பா அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். அந்த நொடியை உங்கள் ஆள் அருமையாகப் பிடித்திருந்தார். படத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

நாலு மாதம் கழித்து ஓசூர் பெரியம்மா போன் செய்து சண்டை. "ஏண்டி, உங்கம்மாவுக்கு முட்டி வலி சரியாப் போயிருக்கு, எனக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? ஊரெல்லாம் தெரியுது, கூடப் பொறந்தவளுக்குத் தெரியல!"

அம்மாவுக்கு மூட்டுவலியே கிடையாது. மூணு மாடி ஏறித் துணி காயப் போடுகிறவர்.

பெரியம்மா அனுப்பிய லிங்க்கைத் திறந்தால் ஏதோ ஒரு மூலிகைத் தைல விளம்பரம். சல்லடை, கலசம், அப்பா எல்லாம் போய், அம்மாவின் சிரிப்பு மட்டும் பெரிதாக. பக்கத்தில் வேறொரு பெயர், "ஏழே நாளில் எழுந்து நடந்தேன்" என்று ஒரு வாக்குமூலம். உற்றுப் பார்த்தால் அம்மாவின் தோளில் பவித்திரம் என்கிற தர்ப்பை மோதிரத்தோடு மூன்று விரல்கள் தெரிந்தன. அப்பாவை வெட்டியவன் அவர் விரலை வெட்ட மறந்துவிட்டான். கீழ் மூலையில் உங்கள் ஆளின் ஸ்டுடியோ முத்திரையும் பாதி வெட்டுப்பட்டுக் கிடந்தது. பெரியம்மா அதற்குள் ரெண்டு பாட்டில் வாங்கிவிட்டார் என்பது தனிக் கதை.

முத்திரையைப் பிடித்துக்கொண்டு தேடியதில் படம் ஸ்டுடியோவின் இணையப் பக்கத்திலேயே, எல்லோருக்கும் தெரியும்படி, நல்ல தெளிவான அளவில் இருந்தது. எங்களிடம் யாரும் கேட்கவில்லை. போன் செய்தால், "அக்கா, எல்லா ஸ்டுடியோவும் போடறதுதானே? அட்வான்ஸ் ரசீது பின்னாடி பாருங்க. அப்புறம் காபிரைட் எப்பவுமே போட்டோ எடுத்தவங்களுக்குத்தான்" என்றார் ஸ்டுடியோத் தம்பி. ரசீதைத் திருப்பினேன். எறும்பு அளவு இங்கிலீஷில் எட்டாவது வரியில் 'விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாம்' என்று இருக்கிறது. நான் கையெழுத்துப் போட்டது முன்பக்கம், இருபதாயிரம் ரூபாய்க்குக் கீழே.

அந்த 'எப்பவுமே' பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் உங்களில் பலர் இதை உண்மையாகவே நம்புகிறீர்கள். 1957 காப்புரிமை (காபிரைட்) சட்டத்தின் 17-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். பொதுவாகப் படம் எடுத்தவர்தான் முதல் உரிமையாளர், சரி. ஆனால் ஒருவர் காசு கொடுத்து, தனக்காக எடுக்கச் சொன்ன போட்டோ என்றால், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாதவரை, முதல் உரிமை காசு கொடுத்தவருக்கு. அதாவது கல்யாணப் படங்கள் பெரும்பாலும் வீட்டுக்காரர்களுடையவை. அதை மாற்ற வேண்டுமானால் எங்களிடம் வாய் திறந்து பேசி எழுதி வாங்குங்கள், ரசீதின் முதுகில் ஒளித்து வைக்காதீர்கள்.

காப்புரிமை உங்களுடையதாகவே இருக்கட்டும், முகம் யாருடையது? 1994-ல் ஆட்டோ சங்கர் வழக்கை ஒட்டி வந்த ராஜகோபால் தீர்ப்பிலேயே தனிமனிதரின் குடும்பம், திருமணம் போன்ற விஷயங்களை அவர் சம்மதம் இல்லாமல் பிரசுரிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 2017-ல் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்களே, அந்த வழக்கைப் போட்ட புட்டசாமி நம்ம ஊர்க்காரர், கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர், எண்பது தாண்டிய வயதில் போட்டார். தைல விளம்பரத்துக்காகப் போட்ட வழக்கு இல்லைதான், ஆதாரை எதிர்த்துப் போட்டது, ஆனாலும் எங்கம்மாவுக்கும் சேர்த்துத்தான்.

சரி, விளம்பரத்தை எடுக்க வைத்த கதை. முதலில் விளம்பரம் ஓடிய இணையதளத்தின் காப்புரிமைப் புகார் படிவத்தைத் திறந்தேன். 'நீங்கள்தான் உரிமையாளரா' என்பது முதல் கேள்வி. ஸ்டுடியோ தன்னுடையது என்கிறது, நான் எப்படி ஆம் போடுவது? அவரையே புகார் போடச் சொன்னேன், "சீசன் அக்கா, அடுத்த வாரம் பார்க்கிறேன்". இதில்தான் எனக்கு நிஜமாகவே கோபம். காப்புரிமை விதிகளில் 75-வது விதி என்று ஒன்று இருக்கிறது, உரிமையாளர் எழுத்தில் புகார் தந்து அதில் விஷயம் இருப்பதாகப் பட்டால் 36 மணி நேரத்துக்குள் அந்தத் தளம் அந்தப் படத்துக்கான வழியை 21 நாளுக்கு அடைக்க வேண்டும், அதற்குள் கோர்ட் உத்தரவு வாங்கிக்கொள்ளலாம். ஒரிஜினல் ஃபைல் கையில் இருக்கிறவர் ஒரு மெயில் போட்டிருந்தால் போதும். உரிமை கொண்டாடும்போது காபிரைட் உங்களுடையது, காப்பாற்ற வேண்டிய நேரத்தில் அது எங்கே போனது?

கடைசியில் ஆள்மாறாட்டம் என்ற வகையில் அம்மா பெயரிலேயே புகார் போட்டோம். 2021 ஐ.டி. (தகவல் தொழில்நுட்ப) விதிகளில் இதற்குத் தனியாக இடம் இருக்கிறது, வெட்டி ஒட்டிய படத்தால் செய்யும் ஆள்மாறாட்டமும் அதில் அடக்கம், சம்பந்தப்பட்டவரோ அவர் சார்பாக ஒருவரோ கொடுக்கலாம். மறுநாள் விளம்பரம் போய்விட்டது. பத்து நாளில் அதே சிரிப்பு வேறொரு பக்கத்தில், இந்த முறை சர்க்கரை நோய்ப் பொடிக்கு! மறுபடி புகார், சைபர் கிரைம் போர்ட்டலிலும் பதிவு, பெரியம்மாவின் பணத்துக்காக 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு ஒரு போன். இவ்வளவு நடக்கும்போதும் ஸ்டுடியோ பக்கத்தில் படம் அப்படியே இருந்தது. குழாயைத் திறந்து வைத்துவிட்டு நான் மட்டும் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் எடுக்கப் பத்தொன்பது நாள் ஆனது.

உங்கள் பிழைப்பு எனக்குப் புரியாமல் இல்லை. பக்கத்தில் படம் இல்லாவிட்டால் யார் புக் பண்ணுவார்கள்? நானே அப்படித்தான் உங்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்தேன், யாரோ ஒரு பெண்ணின் ஊஞ்சல் படத்தைப் பார்த்து, "இந்த லைட்டிங் வேணும்" என்று. அந்தப் பெண்ணிடம் கேட்டீர்களா என்று எனக்கு அன்று தோன்றவே இல்லை. இப்போது தோன்றுகிறது.

அதனால் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. ஆல்பம் கொடுக்கும் அன்று, இந்த எட்டுப் படத்தைப் போடலாமா என்று காட்டிக் கேளுங்கள். எங்களில் பாதிப் பேர் சந்தோஷமாகச் சரி என்போம், சில அத்தைகள் ஏன் என் படம் இல்லை என்று சண்டைக்கே வருவார்கள். பணம் கொடுத்தவரிடம் மட்டும் கேட்டால் போதாது, படத்தில் இருப்பவரையும் கேளுங்கள். வயிறு தெரியும் சீமந்தப் படம், குளிக்க வைக்கும் குழந்தை, இதெல்லாம் கேட்காமல் ஏறவே கூடாது. போடுவதைச் சின்ன அளவில் போடுங்கள், பேனர் அடிக்கிற அளவில் வேண்டாம். எடுக்கச் சொன்னால் அன்றைக்கே எடுங்கள். திருடு போனால் எங்களோடு சேர்ந்து நீங்களும் புகார் போடுங்கள், சீசனாக இருந்தாலும்.

எங்களுக்குப் படம் எடுத்த தம்பிக்குத் தனியாக ஒரு வரி. அம்மா அந்தச் சல்லடைப் படத்தை ஹாலில் மாட்ட வேண்டும் என்கிறார், அப்பாவோடு, முழுசாக. தைலக்காரனிடம் இருக்கிறது, பொடிக்காரனிடம் இருக்கிறது, ஒரிஜினல் ஃபைல் எங்களுக்குத்தான் இன்னும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பென் டிரைவோடு கடைக்கு வருகிறேன்.