பள்ளிச் செவிலியரின் பதிவேடு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதலுதவிப் பெட்டியும் அதைக் கையாளத் தெரிந்த ஓர் ஆசிரியரும் இருந்தால் போதாதா, பள்ளிக்குத் தனியாகச் செவிலியர் எதற்கு என்னும் கேள்வியைப் பெற்றோர் கூட்டங்களில் பலமுறை கேட்டிருக்கிறேன். பள்ளிச் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்ற முறையில் அதற்குப் பதில் எழுத விரும்புகிறேன்.

செவிலியர் அறைக்கு வரும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பெரிய நோய் எதுவும் இருப்பதில்லை. ஆயினும் சிறிய உபாதைகளிலும் தவறான கைவைத்தியம் தீங்கு செய்யும். மூக்கில் ரத்தம் வடிந்தால் பிள்ளையை அண்ணாந்து பார்க்கச் சொல்வதே பலருடைய வழக்கம். அப்போது ரத்தம் தொண்டைக்குள் இறங்கிக் குமட்டலும் வாந்தியும் உண்டாகின்றன. சற்றே முன்பக்கம் குனிய வைத்து, மூக்கின் மென்மையான பகுதியைக் குறைந்தது 10 நிமிடங்கள் இடையில் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். தலைவலி என்று வரும் பிள்ளைக்குக் கையில் கிடைத்த மாத்திரையைக் கொடுப்பதும் அப்படித்தான்: மருத்துவர் சொல்லாமல் 16 வயதுக்கு உட்பட்டோருக்கு ஆஸ்பிரின் தரக்கூடாது என்பதைப் பல பெரியவர்கள் அறிந்திருப்பதில்லை.

எனினும் செவிலியரின் உண்மையான தேவை வயிற்றுவலியில்தான் தெரியும். எப்போது தொடங்கியது, எந்த இடத்தில் வலிக்கிறது, காலையில் சாப்பிட்டாயா, கழிப்பறைக்குப் போய் எத்தனை நாள் ஆயிற்று என்று பொறுமையாகக் கேட்டால், காரணம் பாதி நேரம் பிள்ளையின் வாயாலேயே வந்துவிடும். தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலது அடிவயிற்றுக்கு நகர்ந்து, நடக்கும்போது அதிகமாகும் வலி குடல்வால் அழற்சியாக இருக்கலாம். அந்தப் பிள்ளையைத் தாமதமின்றி மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். பள்ளிக் கழிப்பறையின் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாததால் நாள் முழுவதும் அடக்கி வைத்து, மலச்சிக்கலால் துடிக்கும் பிள்ளைக்கு மருந்தைவிடத் தாழ்ப்பாள்தான் முதலில் வேண்டும். மாதவிடாய் வலியை வகுப்பில் சொல்லக் கூசி 'வயிற்றுவலி' என்று மட்டும் சொல்லி வரும் மாணவியரும் உண்டு.

ஒவ்வொரு பிள்ளையும் வந்த நேரத்தையும் வகுப்பையும் செவிலியர் எழுதி வைக்கும் பதிவேடு இங்கேதான் பயன்படுகிறது. வாரந்தோறும் ஒரே நாளில், ஒரே பாடவேளைக்கு முன்னால் வயிறு வலிக்கும் மாணவனை 'நடிக்கிறான்' என்று திருப்பி அனுப்பிவிடுகிறோம். அச்சத்தாலும் பதற்றத்தாலும் வரும் வலியும் மெய்யான வலியே. அந்த மாணவன் மிரட்டலுக்கோ கேலிக்கோ ஆளாகிறானா என்று யாரேனும் கேட்டாக வேண்டும். கரும்பலகையைப் பார்த்து எழுதிய பிறகே தலைவலி வருகிறது என்று பதிவேடு காட்டினால், கண் பரிசோதனைக்குப் பரிந்துரைக்கலாம். வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் வந்து போகும் செவிலியருக்கு இந்தத் தொடர்ச்சி தென்படாது என்பதால்தான் முழுநேரப் பணியிடம் வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

இது புதிய கோரிக்கையும் அன்று. 1902-இல் நியூயார்க் நகரப் பள்ளிகளில் தொற்றுள்ள பிள்ளைகளை மருத்துவ ஆய்வாளர்கள் வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தபோது, ஏழை மக்களுக்கான செவிலியப் பணியின் முன்னோடியான லில்லியன் வால்டின் முயற்சியால் லீனா ரோஜர்ஸ் என்னும் செவிலியர் அங்கே பணியமர்த்தப்பட்டார். அவர் பள்ளியிலேயே சிகிச்சை அளித்து, வீடுகளுக்கும் சென்று பெற்றோருக்கு விளக்கியதால், பிள்ளைகள் பள்ளியை இழப்பது வெகுவாகக் குறைந்தது.

பள்ளி நிர்வாகங்களுக்கு இரண்டு வேண்டுகோள்கள். உடல்நிலை சரியில்லை என்று சொல்லும் பிள்ளையை, அது மெய்யா பொய்யா என்று வகுப்பின் முன்னால் விசாரிக்காமல் செவிலியரிடம் அனுப்புங்கள். பதிவேட்டில் தெரியும் போக்குகளைப் பெயர்களை நீக்கி மாதம் ஒருமுறை தலைமையாசிரியர் செவிலியருடன் அமர்ந்து பார்க்கட்டும். தனிப்பட்ட குறிப்புகள் செவிலியர், பெற்றோர், தேவைப்பட்டால் மருத்துவர் ஆகியோரைத் தாண்டிச் செல்லக்கூடாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளிச் செவிலியர் ஒருவர்