ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்: திருச்சபைச் சேகரத் தேர்தலில் நிற்கும் இரண்டு அணியினருக்கும் ஒரு திறந்த மடல்

அன்பான அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும்,

ஸ்தோத்திரம்.

இதை எழுதுவது யார் என்று நம் சேகரத்தில் எல்லாருக்கும் தெரியும். இருபத்திரண்டு வருஷமாக ஞாயிறு பள்ளியில் உங்கள் பிள்ளைகளுக்கு வசனம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். இந்தத் தேர்தலில் இரண்டு அணியிலும் என்னிடம் படித்த பிள்ளைகள் நிற்கிறார்கள். அவர்களில் ஒருவர்மேல் இன்னொருவர் போட்ட வழக்கின் நகல் போன வாரம் என் போனுக்கே வந்து சேர்ந்தது. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அப்போஸ்தலன் பவுல் கொரிந்துப் பட்டணத்துச் சபைக்கு எழுதிய மடலாகிய ஒன்று கொரிந்தியரை எடுத்து, முதல் அதிகாரத்திலிருந்து பதினாறாம் அதிகாரம் வரை ஒரே மூச்சில் வாசித்தேன். பதின்மூன்றாம் அதிகாரத்தை எத்தனையோ பிள்ளைகளுக்கு மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், கல்யாண வீடுகளில் வாசிக்கக் கேட்டிருக்கிறேன். அந்த அன்பின் அதிகாரம் எப்பேர்ப்பட்ட சண்டைக்கு நடுவில் எழுதப்பட்டது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

பவுல் பார்த்த கொரிந்து ஒரு விதத்தில் புது ஊர். பழைய பட்டணத்தை கி.மு. 146-இல் ரோமர்கள் அழித்துப்போட்டார்கள். நூறு வருஷம் கழித்து, கி.மு. 44-இல், ஜூலியஸ் சீசர் அதை ரோமக் குடியேற்றமாக மறுபடி உண்டாக்கினார். குடிவந்தவர்களில் நிறையப் பேர் விடுதலை பெற்ற அடிமைகள். ஒரு பக்கம் லெகாயோன், மறுபக்கம் கெங்கிரேயா என்று இரண்டு துறைமுகம். பணம் புரண்ட இடம். பாட்டன் பேரைச் சொல்லிப் பெருமைப்பட வழியில்லாதவர்கள் காசாலும் பதவியாலும் பேர் வாங்கப் பார்த்தார்கள். பதவிக்கு வந்ததற்காகத் தன் சொந்தச் செலவில் தளம் போட்டுக்கொடுத்த ஏரஸ்து என்பவர், அதைக் கல்லில் எழுதியும் வைத்தார். அந்தக் கல்வெட்டு இன்றும் அங்கே தரையில் இருக்கிறது. நம் ஆலயச் சுவரிலும் அப்படிப் பேர்கள் உண்டு. என் தாத்தா பேரும் உண்டு. அதனால் கொரிந்தியரை நான் அந்நியராக நினைக்கவில்லை.

அந்த ஊரில் பவுல் ஒன்றரை வருஷம் தங்கிச் சபையை நட்டார். அவர் போய்ச் சில வருஷத்துக்குள், எபேசுவில் இருந்தபோது, அங்கே சண்டை என்று செய்தி வருகிறது. அவர் பதில் எழுதும் விதத்தைக் கவனியுங்கள். "குலோவேயாளின் வீட்டாரால்" எனக்கு அறிவிக்கப்பட்டது என்று, சொன்னவர்கள் யார் என்பதை முதல் அதிகாரத்திலேயே வெளிப்படையாக எழுதிவிடுகிறார். அந்த மடல் சபை முழுவதும் கூடியிருக்கும்போது சத்தமாக வாசிக்கப்பட வேண்டியது. குலோவேயாள் வீட்டார் அதற்கு அப்புறமும் அதே ஜனங்களின் முகத்தில் விழிக்க வேண்டி வந்திருக்கும். ஆனாலும் பேர் மறைக்கப்படவில்லை. இந்த இரண்டு மாதத்தில் நம் போதகர் ஐயர் கைக்கு எத்தனை மொட்டைக் கடுதாசி வந்தது என்று உங்களுக்கே தெரியும். ஒருவர்மேல் குற்றம் சொல்ல இருந்தால் பேர் போட்டு, அவர் முன்பாகச் சொல்லுங்கள். பேர் போட மனசு வரவில்லை என்றால் அதைச் சொல்லாமல் விட்டுவிடுங்கள்.

அப்புறம் அணிகள். நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன், நான் கேபாவைச் சேர்ந்தவன் என்று பிரிந்து நின்றார்கள். அப்பொல்லோ பவுலுக்குப் பின் அங்கே பிரசங்கித்தவர், கேபா என்பது பேதுருவின் இன்னொரு பேர். இதில் பவுலுக்கென்றே ஒரு அணி இருந்தது. நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? நம் பேரைச் சொல்கிறவர்களைத் தனியாகக் கூப்பிட்டுத் தட்டிக்கொடுத்திருப்போம். பவுல் முதல் அடியைத் தன் அணிக்கே கொடுக்கிறார். "பவுலா உங்களுக்காகச் சிலுவையிலறையப்பட்டான்?" என்று கேட்கிறார். அப்பொல்லோவா என்று கேட்கவில்லை. கடைசி அதிகாரத்தில் இன்னொரு செய்தி இருக்கிறது, நாம் அவசரத்தில் தாண்டிப்போகிற வசனம். எதிர் அணியின் தலைவர் என்று ஜனங்கள் நினைத்த அந்த அப்பொல்லோவை, கொரிந்துக்குப் போய் வரும்படி பவுலே வருந்திக் கேட்டுக்கொண்டிருக்கிறார். இப்போது வர மனதில்லை என்று அப்பொல்லோ சொல்லிவிட்டார். போனால் தன் பேரில் கட்சி இன்னும் பலமாகும் என்று தயங்கினாரோ என்று எனக்குத் தோன்றும். ஒருவர் மற்றவரை அனுப்பப் பார்க்கிறார், மற்றவர் போகாமல் நிற்கிறார். சண்டை பின்னால் நின்றவர்களுக்குள்தான் இருந்திருக்கிறது. இன்று இரண்டு அணியையும் தலைமை தாங்கி நடத்தும் அண்ணாச்சிமாரே, உங்கள் ஆட்களை உங்களால்தான் கண்டிக்க முடியும். எதிரணிக்காரர் சொன்னால் அவர்கள் கேட்கமாட்டார்கள்.

இனி வழக்கு. கொரிந்துச் சந்தைவெளியில் ஒரு நியாயாசனம், அதாவது அதிபதி உட்கார்ந்து வழக்கு விசாரிக்கும் மேடை, இருந்தது, அகழ்ந்து எடுத்திருக்கிறார்கள். கல்லியோன் ரோம அதிபதியாக இருந்தபோது பவுலை இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தியது அங்கேதான். கல்லியோன் விசாரிக்கவே மறுத்துவிட்டார். உங்கள் வேதத்தைப் பற்றிய சண்டையை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று துரத்தினார். அன்று ஜெப ஆலயத் தலைவனாகிய சொஸ்தேனேயைப் பிடித்து அந்த நியாயாசனத்துக்கு முன்பாகவே அடித்தார்கள். ஒன்று கொரிந்தியரின் முதல் வசனத்தைத் திறந்து பாருங்கள்: பவுலோடு சேர்ந்து மடலை அனுப்புகிறவர் பேர் சொஸ்தேனே. அவரே இவர் என்று பல வேத அறிஞர்கள் கருதுகிறார்கள். அப்படியானால், அந்த மேடைக்கு முன்னால் அடி வாங்கியவரின் பேரும் சேர்ந்துதான் ஆறாம் அதிகாரத்தின் இந்தக் கேள்வி போகிறது. சகோதரன் சகோதரனை அங்கே கொண்டுபோகிறானே, உங்களுக்குள் தீர்த்துவைக்க ஒரு விவேகிகூட இல்லையா? "ஏன் நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ளுகிறதில்லை?"

இந்த வசனத்தை நம்மூரில் தப்பாகவும் பயன்படுத்துகிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். கணக்குக் கேட்கிறவனின் வாயை அடைக்க, அடி வாங்கின பெண்ணைப் போலீசுக்குப் போகாமல் தடுக்க, இதை எடுத்து வாசிப்பார்கள். பவுல் அதற்காக எழுதவில்லை. ரோம நீதிமன்றத்தில் வழக்குப் போடப் பணமும் செல்வாக்கும் வேண்டும். ஏழை ஒருவன் பெரிய மனிதனை அங்கே இழுத்து ஜெயித்துவிட முடியாது. ஆகவே நஷ்டத்தைப் பொறுத்துக்கொள் என்பது வழக்குப் போடும் வசதி உள்ளவனைப் பார்த்துச் சொன்ன வார்த்தை. பணக் கணக்கில் பவுல் எவ்வளவு கண்டிப்பு என்பதை இரண்டு கொரிந்தியர் எட்டாம் அதிகாரத்தில் பார்க்கலாம். எருசலேம் ஏழைகளுக்குச் சேர்த்த தர்மப்பணத்தை அவர் தனியாகத் தூக்கிக்கொண்டு போகவில்லை. சபைகள் தெரிந்தெடுத்த ஆளையும் கூட வைத்துக்கொண்டார். கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக இருக்க வேண்டும் என்று எழுதினார். பள்ளிக்கூட நியமனம், கல்யாண மண்டப வாடகை, சங்கக் காணிக்கை என்று எல்லாக் கணக்கையும் இரண்டு அணிக்கும் பொதுவான ஆட்கள் உட்கார்ந்து பார்க்கட்டும். பார்த்ததை ஆலயத்தில் வாசிக்கட்டும். அதைச் செய்தாலே பாதி வழக்குக்கு வேலை இருக்காது.

எனக்கு மனசில் ஆறாமல் கிடப்பது போன வருஷத்து அசனம், சபையார் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் நம் பொதுவிருந்து.

நம் ஆலய வளாகத்தில் எத்தனை தலைமுறையாக ஒரே பந்தல் போட்டிருப்போம்! போன வருஷம் கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று. இரண்டு இடத்திலும் அண்டாவில் கறிக்குழம்பு கொதித்தது. அன்று வியாழக்கிழமை. டவுனில் ஜவுளிக்கடையில் கூட்டிப் பெருக்கும் நம் சபைப் பாட்டி ஒருவர், நாலரை மணி பஸ்ஸில் இறங்கி, தூக்குவாளியோடு நேராக வந்தார். வாசலில் நின்ற தம்பி ஒருவன், "பாட்டி, நீங்க எந்தப் பக்கம்?" என்று கேட்டான். பாட்டிக்குக் கேள்வியே புரியவில்லை. இரண்டு பந்தலையும் மாறி மாறிப் பார்த்தார். கிழக்கே போனால் சோறு தீர்ந்துவிட்டது, மேற்கே அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் சொல்லாமல் தூக்குவாளியை முந்தானையில் மறைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். நானும் சாப்பிட்டு முடித்துக் கைகழுவிவிட்டுத்தான் அங்கே நின்றேன்.

கொரிந்தில் நடந்ததும் இதுதான். அன்று தனி ஆலயம் கிடையாது, வசதியுள்ளவர் வீட்டில் கூடினார்கள். ரோம வீட்டின் சாப்பாட்டு அறையில் மூன்று சாய்மணை, ஒன்றுக்கு மூன்று பேர், ஆக ஒன்பது பேருக்குத்தான் இடம். மற்றவர்கள் வெளியே முற்றத்தில். ஒரே விருந்தில் ஆளின் தரம் பார்த்து மூன்று வகைத் திராட்சரசம் பரிமாறிய ஒருவரைப் பற்றி பிளினி என்ற ரோமர் ஒரு கடிதத்தில் வருத்தத்தோடு எழுதியிருக்கிறார். ஞாயிறு அப்போது விடுமுறை இல்லை. அடிமைகளும் கூலிக்காரர்களும் வேலை முடித்து வந்து சேரும்போது முந்தி வந்தவர்கள் சாப்பிட்டு முடித்திருப்பார்கள். "ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்" என்கிறார் பவுல். இப்படிச் சாப்பிடுவது கர்த்தருடைய இராப்போஜனமே அல்ல என்கிறார். "இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா?" என்று கேட்கிறார். திருவிருந்து நாளில் நம் ஐயர் வாசிக்கிற, கர்த்தர் அப்பத்தை எடுத்து ஸ்தோத்திரம்பண்ணிப் பிட்டார் என்கிற வார்த்தைகள் இந்தக் கேள்விக்கு அடுத்தபடியாகத்தான் வருகின்றன. அதற்கெல்லாம் அவர் சொல்லும் பரிகாரம் மிகச் சின்னது: "ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்."

நம் இரண்டு பந்தலுக்கும் பின்னால் கொள்கை எதுவும் இல்லை. எந்தத் தெரு, எந்தச் சொந்தம், எந்த ஜாதி என்பதுதான் இருக்கிறது. வாய்விட்டுச் சொல்ல நமக்குக் கூச்சமாக இருக்கிறது. அந்தியோகியாவில் பேதுரு யூதரல்லாத புறஜாதியாரோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதை விரும்பாத யூதர் சிலர் வந்ததும் பயந்து விலகினார். பவுல் எல்லாருக்கும் முன்பாக அவரை முகமுகமாய் எதிர்த்தார். நம் நாட்டிலும் இந்தப் பந்திச் சண்டை பழையது. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், ஜாதி வித்தியாசத்தை உடனே, அடியோடு விட்டுவிட வேண்டும் என்று தென்னாட்டுச் சபைகளுக்கு மடல் எழுதினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் ஜாதியை விடுவதற்குப் பதில் சபையை விட்டு விலகிப் போனார்கள். அதற்கு அப்புறம் இத்தனை தலைமுறை கடந்தும் ஒரு பாட்டியிடம் எந்தப் பக்கம் என்று கேட்கிறோம்.

பவுலின் மடலால் கொரிந்து திருந்திவிட்டதா என்றால், இல்லை. நாற்பது வருஷம் கழித்து, கி.பி. 96 வாக்கில், அதே சபைக்கு ரோமாபுரிச் சபை ஒரு நீண்ட மடல் எழுத வேண்டி வந்தது. கிளமெண்ட் எழுதியது என்று அதற்குப் பேர். குற்றமில்லாமல் ஊழியம் செய்த மூப்பர்களை ஒரு கூட்டம் பதவியிலிருந்து இறக்கிவிட்டது என்பதுதான் வழக்கு. பாக்கியவானாகிய பவுல் உங்களுக்கு எழுதிய நிருபத்தை எடுத்துப் பாருங்கள் என்கிறார் அதை எழுதியவர். அதன் ஐம்பத்துநாலாம் அதிகாரம் வாசிக்கும்போது என் கை நடுங்கியது. உங்களில் பெருந்தன்மை உள்ளவன் யார், இரக்கம் உள்ளவன் யார், அன்பு நிறைந்தவன் யார்? என்னால்தான் இந்தக் கலகம் என்றால் நான் விலகிக்கொள்கிறேன், நீங்கள் சொல்லும் இடத்துக்குப் போகிறேன், கிறிஸ்துவின் மந்தை சமாதானமாக இருக்கட்டும் என்று அவன் சொல்லட்டும் என்கிறது அது. கொரிந்து அந்த மடலைக் கிழித்துப் போடவில்லை. எழுபது வருஷத்துக்கு மேல் கழிந்தும் அதைக் கர்த்தருடைய நாளில் சபையில் வாசித்து வந்ததாக அவ்வூர் பேராயர் தியோனீசியு ரோமாபுரிக்கு எழுதியிருக்கிறார்.

அண்ணாச்சிமாரே, உங்களிடம் இரண்டு காரியம் கேட்கிறேன். வாக்குப்பதிவுக்கு முந்தின ஞாயிறு மாலை ஆலயத்துக்கு வாருங்கள். ஒன்று கொரிந்தியர் முழுவதையும், பிரசங்கமோ விளக்கமோ இல்லாமல், இரண்டு அணியிலிருந்தும் மாறி மாறி ஆட்கள் எழுந்து சத்தமாக வாசிக்கட்டும். ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட ஆகும். வேட்பாளர்கள் எல்லாரும் முன்பெஞ்சில் சேர்ந்து உட்காருங்கள். வாசித்து முடித்த பிறகு, நான் விலகிக்கொள்கிறேன் என்று சொல்ல யாருக்காவது மனம் வந்தால், இரண்டு பக்கமும் அவரைக் கேலி பேசாதிருங்கள்.

இரண்டாவது, இந்த வருஷத்து அசனம். ஒரே பந்தல் போடுங்கள். கறிக்கும் அரிசிக்கும் இரண்டு அணியும் சேர்ந்து கணக்குப் பாருங்கள். நாலரை மணி பஸ் வந்து, பாட்டி நடந்து வந்து உட்காரும் வரைக்கும் முதல் இலையைப் போடாமல் இருங்கள். பஸ் நிறுத்தத்தில் நான் நிற்கிறேன்.

கிறிஸ்துவுக்குள் உங்கள் சகோதரி,
ஞாயிறு பள்ளி ஆசிரியை