புரோமினும் பேலட் பலகைகளும்: ஒரு திருத்தம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

துறைமுகத்திலிருந்து வெளியே வரும் பேலட் பலகைகளை, அதாவது சரக்கை அடுக்கி ஏற்றும் மரத் தட்டுகளின் பலகைகளை, பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஆடி மாதக் கூழ் வார்ப்புக்கும் வீட்டு விசேஷங்களுக்கும் அந்தப் பலகைகளை விறகாக்கும், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரக் குடும்பங்களை எச்சரிப்பதே அதன் நோக்கம் என்பது தெளிவு. எச்சரிக்கை வேண்டியதுதான். ஆனால் அப்பலகைகளில் புரோமின் ஊறியிருக்கிறது என்று எழுதியபோது, புரோமின், புரோமைடு, மெத்தில் புரோமைடு ஆகிய மூன்று வெவ்வேறு பொருள்களைக் கட்டுரையாளர் ஒன்றாக்கிவிட்டார். அதனால் அஞ்சத் தேவையில்லாதவர்கள் அஞ்சுகிறார்கள். உண்மையில் ஆபத்துக்கு அருகில் நிற்பவர்களைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. சாட்ஸ்வொர்த்தில் நெடுங்காலம் வேதியியல் கற்பித்தவள் என்ற முறையில் இதைச் சற்று விளக்க விரும்புகிறேன்.

புரோமின் என்பது அணு எண் 35 கொண்ட தனிமம். சாதாரண அறை வெப்பநிலையில் திரவமாக இருக்கும் தனிமங்கள் இரண்டே. ஒன்று பாதரசம், மற்றொன்று இது. செங்கபில நிறமும் தண்ணீரைவிட மூன்று மடங்குக்குச் சற்று மிகுந்த அடர்த்தியும் கொண்ட இத்திரவம் 59 பாகை செல்சியஸில் கொதிக்கும் என்றாலும், அதற்கு வெகு முன்பே, குப்பியைத் திறந்த கணத்திலேயே செந்நிற ஆவியாக எழுந்து கண்ணையும் தொண்டையையும் தாக்கும். தோலில் பட்டால் எளிதில் ஆறாத புண்ணாகும். பல உலோகங்களையும் அரித்துவிடும் என்பதால், கடல் வழியே இதை அனுப்புவோர் உட்புறம் ஈயத் தகடு பதித்த தொட்டிகளைப் பயன்படுத்துகிறார்கள். இப்படிப்பட்ட பொருள் ஒரு பைன் பலகையில் ஊறியிருந்தால், அந்தப் பலகையை எவரும் தோளில் சுமந்து வீடு வரை கொண்டுசேர்த்திருக்க முடியாது.

இயற்கையில் புரோமின் தனித்துக் கிடைப்பதில்லை. பிற தனிமங்களோடு சேர்ந்து புரோமைடு உப்பாகவே இருக்கிறது. டர்பனின் அடிங்டன் கடற்கரையில் குளிக்கும் எவரும் அந்த உப்பை விழுங்காமல் கரையேறுவதில்லை, ஏனெனில் ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 65 மில்லிகிராம் புரோமைடு கரைந்திருக்கிறது. சாக்கடல் நீரில் இது லிட்டருக்கு 5 கிராம் அளவில் இருப்பதால்தான் இஸ்ரேலும் ஜோர்டானும் புரோமின் உற்பத்தியில் முன்னிற்கின்றன. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் ஆழ்கிணறுகளிலிருந்து எடுக்கும் உப்புநீரும், குஜராத்தின் கட்ச் பகுதியில் உப்பு விளைந்தபின் எஞ்சும் கசப்பு நீரும் பிற ஊற்றுகள். முறை எங்கும் ஒன்றே: உப்புநீரில் குளோரின் வாயுவைச் செலுத்தினால், வீரியம் மிகுந்த குளோரின் தான் புரோமைடின் இடத்தைப் பிடித்துக்கொண்டு புரோமினை விடுவிக்கும், பிறகு நீராவியையோ காற்றையோ ஊதி அதைப் பிரித்தெடுப்பார்கள். 1826இல் பிரான்சின் மோன்பெலியே நகரத்து உப்பளக் கழிவு நீரிலிருந்து இதைப் பிரித்து, இது ஒரு புதுத் தனிமம் என்று அறிவித்த அந்துவான் பலாருக்கு அப்போது வயது 23. அதற்கு முன்பே இதே திரவம் கைக்கு வந்தும், புகழ்பெற்ற வேதியியலாளர் லீபிக் அதை அயோடின் குளோரைடு என்று எண்ணி ஒதுக்கிவைத்துவிட்டார். ஆகவே தங்கள் கட்டுரையாளருக்கு நல்ல துணை இருக்கிறது.

இனிப் பேலட் பலகைக்கு வருகிறேன். மரத்தின் வழியாகப் பூச்சிகள் நாடுவிட்டு நாடு பரவாமலிருக்க, ஏற்றுமதிக்கான மரப் பெட்டிகளும் பேலட்டுகளும் பூச்சி நீக்கப்பட வேண்டும் என்பது பன்னாட்டு விதி. அதற்கான வழிகளுள் ஒன்று, மரத்தின் நடுப்பகுதிவரை 56 பாகை வெப்பம் ஏறச் செய்து குறைந்தது 30 நிமிடம் வைத்திருப்பது. மற்றொன்று, மெத்தில் புரோமைடு என்னும் வாயுவை மூடிய இடத்தில் செலுத்துவது. ஏறத்தாழ 4 பாகையிலேயே கொதித்துவிடும் இப்பொருள் டர்பனின் தட்பவெப்பத்தில் எப்போதும் வாயுதான். அது மரத்துக்குள் புகுந்து புழுக்களைக் கொன்றபின் பெரும்பகுதி வெளியேறிவிடும். ஒரு சிறு பகுதி மரத்தோடு வினைபுரிந்து, கடலில் இருக்கும் அதே புரோமைடாகத் தங்கும். எந்த முறை கையாளப்பட்டது என்பதைப் பலகையில் சுட்ட முத்திரையே சொல்லும். கோதுமைக் கதிர்ச் சின்னத்துக்கு அருகில் நாட்டின் குறியீடும், அதனோடு எச்.டி. (HT) என்றோ எம்.பி. (MB) என்றோ இரண்டு எழுத்துகளும் இருக்கும். எச்.டி. என்றால் வெப்பம், எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு. ஐரோப்பிய ஒன்றியம் 2010 மார்ச் முதல் இவ்வாயுவை அறவே விலக்கிவிட்டதால், அதன் பின் அங்கே செய்யப்பட்ட பேலட்டில் எம்.பி. முத்திரையைக் காண இயலாது.

எம்.பி. முத்திரை உள்ள பலகையையும் முத்திரையே இல்லாத பலகையையும் அடுப்பில் வைக்க வேண்டாம் என்பதே என் கருத்தும். எஞ்சிய புரோமைடு புகையில் வேறு சேர்மங்களாக மாறக்கூடும்; அதைவிட, அந்தப் பலகையின் மேல் வழியில் என்னென்ன சிந்தியது என்பது யாருக்கும் தெரியாது. சமையலுக்கு எச்.டி. பலகையிலும் சுத்தமானதைப் பார்த்தே எடுக்க வேண்டும். ஆனால் பழைய பலகை முற்றத்தில் கிடப்பதாலேயே குழந்தைகளுக்கு நஞ்சேறும் என்று அஞ்சுவது வீண்.

உண்மையான ஆபத்து, வாயு செலுத்திய சரக்குக் கொள்கலனை முதலில் திறப்பவருக்கே. மெத்தில் புரோமைடு காற்றைவிட மூன்று மடங்குக்கு மேல் கனமானது, நிறமில்லாதது, கேடு விளைவிக்கும் அளவிலும் மூக்குக்கு எட்டாதது. அதனால்தான் சில தயாரிப்புகளில் கண்ணை எரிக்கும் குளோரோபிக்ரினைச் சிறிதளவு கலக்கிறார்கள். காற்றோட்டம் விடாமல் கொள்கலனுக்குள் இறங்குபவரின் நுரையீரலும் நரம்பு மண்டலமும் பாதிக்கப்படும். சில நேரங்களில் பல மணி நேரம் கழித்தே அறிகுறிகள் தோன்றும். நம் குடும்பங்களில் கிடங்குகளிலும் சரக்கு இறக்கும் இடங்களிலும் வேலை செய்பவர்கள் குறைவல்லர். வாயுவை அளந்து பார்த்துக் கொடுத்த சான்றில்லாமல் கதவைத் திறக்க மாட்டேன் என்று அவர்கள் சொல்ல வேண்டும் என்பதைத் தங்கள் இதழ் பெரிய எழுத்தில் வெளியிட்டிருக்க வேண்டும்.

இந்த வாயு தடைசெய்யப்பட்டுவிட்டது என்று கட்டுரை கூறுவதும் பாதி உண்மைதான். வளிமண்டலத்தின் மேலடுக்கில் ஓசோனை அழிப்பதில் ஒரு புரோமின் அணு ஒரு குளோரின் அணுவைவிட ஐம்பது, அறுபது மடங்கு வல்லது. ஆகவே மொன்றியல் உடன்படிக்கையின் கீழ் வளர்ந்த நாடுகள் 2005க்குள்ளும் வளரும் நாடுகள் 2015க்குள்ளும் மெத்தில் புரோமைடைக் கைவிட வேண்டியதாயிற்று. ஆனால் பூச்சித் தடுப்புக்காக ஏற்றுமதி இறக்குமதிச் சரக்குகளில் பயன்படுத்துவதற்கு அந்த உடன்படிக்கையே விலக்கு அளித்திருக்கிறது.

புரோமினை வெறும் நஞ்சு என்று தள்ளிவிடவும் முடியாது. தாத்தா பாட்டியின் கறுப்பு வெள்ளைப் படங்கள் வெள்ளி புரோமைடின் ஒளியுணர்வால் உருவானவை. எண்ணெய்க் கிணறு தோண்டுவோர் கனமான கால்சியம் புரோமைடு கரைசலைப் பயன்படுத்துகிறார்கள். வெந்நீர்க் குளியல் தொட்டிகளில் குளோரினுக்குப் பதிலாகப் புரோமின் மாத்திரை போடுவோர் இவ்வூரிலும் உண்டு. 1857இல் இலண்டன் மருத்துவர் சார்லஸ் லோகாக் வலிப்பு நோய்க்குப் பரிந்துரைத்த பொட்டாசியம் புரோமைடு, மனிதர்களுக்குப் பெரும்பாலும் கைவிடப்பட்டாலும், வலிப்பு வரும் நாய்களுக்குக் கால்நடை மருத்துவர்கள் இன்றும் கொடுக்கும் மருந்து.

புரோமின் மிகுதியாகச் செலவாகும் துறை தீத்தடுப்புப் பொருள்கள். பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளின் ஓட்டிலும் மின்சுற்றுப் பலகைகளிலும் அவை எளிதில் தீப்பற்றாதிருக்கப் புரோமின் சேர்மங்கள் கலக்கப்பட்டன. அவற்றுள் சிலவற்றை 2009இலும் 2017இலும் எளிதில் சிதையாத நச்சுப் பொருள்களைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை விலக்கியது. உள்ளிருக்கும் செம்புக் கம்பிக்காக இந்தப் பழைய மின்சாதனங்களைத் திறந்தவெளியில் கொளுத்தும்போது, புரோமின் சேர்ந்த டையாக்சின்கள், ஃபியூரான்கள் என்னும் நச்சுச் சேர்மங்கள் புகையில் கலக்கின்றன. பேலட் பலகைக்கு ஒதுக்கிய பக்கங்களில் பாதியை இந்தத் தீக்கு ஒதுக்கியிருந்தால், கட்டுரை அதன் நோக்கத்தை நிறைவேற்றியிருக்கும். அடுத்த இதழில் முத்திரைகளின் விளக்கத்தையேனும் படத்தோடு வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை,
சாட்ஸ்வொர்த், டர்பன்