9 மாதத் தடைக்கு 17 மாதம்: சிமோனா ஹாலெப் வழக்கு குறித்து ஒரு திறந்த மடல்

சர்வதேச டென்னிஸ் நேர்மை முகமையின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். 2025 பிப்ரவரியில் ருமேனியாவின் க்ளூஜ்-நபோகா நகரில், சொந்த நாட்டு ரசிகர்கள் முன்னால் லூசியா ப்ரோன்செட்டியிடம் 1-6, 1-6 என்று தோற்றுவிட்டு ருமேனிய டென்னிஸ் வீராங்கனை சிமோனா ஹாலெப் ஓய்வை அறிவித்தார். முழங்காலும் தோளும் ஒத்துழைக்கவில்லை. அதற்கு நீங்கள் பொறுப்பில்லை. நான் கேட்க வந்தது, அவர் மீது நீங்கள் தொடுத்த ஊக்கமருந்து வழக்கு இழுத்த இழுப்பைப் பற்றி.

2022 ஆகஸ்ட் 29 அன்று அமெரிக்க ஓப்பனில் அவரிடம் மாதிரி எடுக்கப்பட்டது. அதில் ரோக்ஸாடுஸ்டாட் இருந்தது. இரத்தசோகைக்குக் கொடுக்கும் மருந்து, சிவப்பணுக்களைக் கூட்டும், அதனால் தடைப் பட்டியலில் உள்ளது. அக்டோபர் 7 அன்று தற்காலிகத் தடை. அப்புறம் உயிரியல் பாஸ்போர்ட்டை (வீரரின் இரத்த அளவுகளைத் தொடர்ந்து குறித்துவைக்கும் பதிவு) வைத்து இரண்டாவது குற்றச்சாட்டு. 2023 செப்டம்பரில் தீர்ப்பாயம் நான்கு ஆண்டு தடை விதித்தது. மேல்முறையீட்டில் 2024 மார்ச் 5 அன்று விளையாட்டுக்கான நடுவர் நீதிமன்றம் அதை 9 மாதமாகக் குறைத்து, பாஸ்போர்ட் குற்றச்சாட்டையும் தள்ளுபடி செய்தது. கலப்படமான ஊட்டச்சத்துப் பொருள் வழியாக மருந்து உடலில் சேர்ந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று ஏற்றுக்கொண்டது.

இனி தேதிகளைப் பாருங்கள். அந்த 9 மாதம் 2023 ஜூலை 6 அன்றே முடிந்துவிட்டது. அதாவது, முதல் தீர்ப்பு வருவதற்கு முன்பே தண்டனை தீர்ந்துபோனது. தீர்ந்த பிறகும் எட்டு மாதம் வெளியே நின்றார். இந்த எட்டு மாதத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

ஹாலெப் முழுக்கக் குற்றமற்றவர் என்று நான் சொல்ல வரவில்லை, நடுவர் நீதிமன்றமும் சொல்லவில்லை. அந்த ஊட்டச்சத்துப் பொருளை வாயில் போடுவதற்கு முன் இன்னும் கவனமாக இருந்திருக்க வேண்டும். வீரர்கள் தரப்பிலும் ஆய்வகச் சோதனைக்கு நாளாகும் என்பது தெரியும். ஆனால் தடை விதிக்க ஒரு நாள் போதும். அதை நீக்கத்தான் ஆண்டுக்கணக்காகிறது.

தடை விழுந்தபோது அவருக்கு வயது 31. 168 சென்டிமீட்டர் உயரம், அதிரடி சர்வீஸ் கிடையாது. பேஸ்லைனில் (ஆடுகளத்தின் பின்கோட்டில்) ஓடி ஓடியே ஜெயித்தவர். 2017 பிரெஞ்சு ஓப்பன் இறுதியில் ஒஸ்டாபென்கோவுக்கு எதிராக ஒரு செட்டும் 3-0-வும் முன்னிலையில் இருந்து தோற்றார். 2018 ஆஸ்திரேலிய ஓப்பன் இறுதியிலும் தோற்று, நீர்ச்சத்துக் குறைந்து மருத்துவமனைக்குப் போனார். அதே ஆண்டு பாரிஸில் ஸ்லோன் ஸ்டீஃபன்ஸை வென்று, 1978-இல் விர்ஜினியா ருசிச் வாங்கிய பட்டத்தை 40 ஆண்டுக்குப் பின் ருமேனியாவுக்குக் கொண்டுவந்தார். 2019 விம்பிள்டன் இறுதியில் செரீனா வில்லியம்ஸை 56 நிமிடத்தில் 6-2, 6-2 என்று வீழ்த்தினார். அந்த ஆட்டம் முழுவதும் அவர் தானாகச் செய்த தவறுகள் மூன்றே மூன்று! (இன்னும் பார்க்காதவர்கள் தேடிப் பாருங்கள்.) 2022 ஆகஸ்டில் டொராண்டோவில் 24ஆவது பட்டம் வென்றார். கால்களை நம்பி ஆடும் இப்படி ஒருவரை அதே மாத இறுதியில் எடுத்த ஒரு மாதிரிக்காக 17 மாதம் உட்கார வைத்தால், திரும்பி வரும்போது என்ன மிஞ்சும்? தடை நீங்கியதும் மயாமி போட்டியில் வைல்ட் கார்டில் (தரவரிசை பார்க்காமல் தரும் சிறப்பு அனுமதியில்) வந்து படோசாவிடம் முதல் சுற்றிலேயே தோற்றார். அதன்பின் ஆடிய போட்டிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

2024-இல் போலந்து வீராங்கனை இகா ஷ்வியான்டெக்கின் ஊக்கமருந்து வழக்கு சில மாதங்களில், ஒரு மாதத் தடையோடு முடிந்தது. உடலில் சேர்ந்த மருந்து வேறு, கவனக்குறைவின் அளவு வேறு என்று விளக்கினீர்கள். சரி, ஏற்கிறேன். தண்டனை வேறுபடலாம். காத்திருப்பும் ஏன் இவ்வளவு வேறுபட வேண்டும் என்று ஹாலெப் கேட்டால் தப்பா?

என் கோரிக்கை ஒன்றுதான். தற்காலிகத் தடை விழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் முதல் தீர்ப்பு வர வேண்டும். வீரர் தரப்பு அவகாசம் கேட்டால் அந்த நாட்களைக் கழித்துக்கொள்ளுங்கள். தாமதம் உங்கள் தரப்பில் என்றால், கெடு முடிந்ததும் தற்காலிகத் தடை தானாக விலகட்டும். தீர்ப்பு வரும்வரை அவர் ஆடட்டும். பிறகு குற்றம் உறுதியானால் புள்ளிகளையும் பரிசுப் பணத்தையும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், அதற்கு விதி ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. ஆடாமல் போன எட்டு மாதத்தைத் திருப்பித் தரத்தான் எந்த விதியும் இல்லை.

இப்படிக்கு,
ஒரு டென்னிஸ் ரசிகன்